உயரக் கோடுகள் பலகையில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளின் உயரத்தைக் கதவு நிலையிலோ சுவரிலோ கோடிட்டுத் தேதி எழுதிவைக்கும் பழக்கம் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. வீடு மாறும்போதோ சுவருக்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்கும்போதோ ஒரு பிள்ளை வளர்ந்த கதை முழுவதும் ஒரே நாளில் மறைந்துவிடுவதைக் கேள்விப்படும்போதெல்லாம் மனம் பொறுக்கவில்லை. அந்தக் கோடுகளைக் கையோடு எடுத்துச் செல்லக்கூடிய மரப்பலகையில் போட்டுவையுங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் அப்படியொரு பலகை இருக்கிறது. நான் நிற்கப் பழகிய பருவத்தில் அம்மா தொடங்கியது. வெறும் தேதியோடு நிறுத்தாமல், "முதல் பல் விழுந்தது", "சைக்கிளைத் தனியாக ஓட்டினாள்" என்று ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் குறித்திருக்கிறார். தம்பியின் கோடுகளில் ஒன்று மட்டும் சாய்ந்திருக்கும். அவன் குதிகாலைத் தூக்கியதும் அம்மா தோளைப் பிடித்து அழுத்தியதும் அந்தச் சாய்விலேயே தெரியும். முதல் ஆண்டில் ஏறக்குறைய 25 செ.மீ. வளரும் குழந்தை, பள்ளிப் பருவத்தில் ஆண்டுக்கு 5, 6 செ.மீ.தான் வளர்கிறது. எனவே அடியில் தள்ளித் தள்ளி விழுந்த கோடுகள் நடுவில் நெருங்குகின்றன. பருவமடையும் வயதில் மீண்டும் விலகுகின்றன. பெண் பிள்ளைகளுக்கு இந்த வேகம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுவதால், தம்பியைவிட வெகுவாக உயர்ந்துநின்ற என் கோடுகளை அவனுடையவை பிறகு தாண்டிச் செல்கின்றன. எலும்பு நுனிகளிலுள்ள வளர்ச்சித் தகடுகள் மூடிக்கொண்டபின் கோடுகள் ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றன. அம்மா மட்டும் நிறுத்தவில்லை. முதல் சம்பளம், திருமணம், தம்பி முதன்முதலாகத் தனியே வெளியூருக்குக் குடிபோன நாள் எல்லாம் கடைசிக் கோட்டுக்கு மேலே இருக்கின்றன. உயரத்தைவிட அவற்றைத்தான் நான் அதிகம் படிக்கிறேன்.

பிரான்ஸைச் சேர்ந்த மோன்பெய்யார் என்பவர் 1759இல் பிறந்த தம் மகனை 1777 வரை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து குறித்தார். அக்குறிப்பை இயற்கை அறிஞர் பியூஃபோன் தம் நூலில் வெளியிட்டார். அதிலிருந்து வரைந்த வளர்ச்சிக் கோடு குழந்தை வளர்ச்சி பற்றிய மருத்துவ நூல்களில் இன்றும் இடம்பெறுகிறது. ஒரு தகப்பனின் பொறுமையால் கிடைத்த சொத்து அது.

பலகைதான் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மரம் அகலவாட்டில் சுருங்கி விரிந்தாலும், ரேகை ஓடும் நீளவாட்டில் மிக மிகக் குறைவாகவே மாறும். காகிதம் ஈரத்தில் நீளும், துணி நாடா இழுபட்டுவிடும். பால்பாயின்ட் பேனா மை வெளிச்சத்தில் மங்கும். பென்சில் கோடு மங்காது. செருப்பைக் கழற்றி, குதிகாலைப் பலகையோடு ஒட்டவைத்து, நேர்ப்பார்வையாக நிறுத்தி, தலைமேல் கெட்டியான ஒரு புத்தகத்தைப் பலகைக்குச் செங்குத்தாக வைத்துக் கோடிட வேண்டும். முதுகெலும்பு வட்டுகள் அமுங்குவதால் மாலையில் உயரம் ஒரு செ.மீ. வரை குறையக்கூடும், ஆகவே எப்போதும் காலையிலேயே அளப்பது நல்லது. உடன்பிறந்தோர் கோடுகளை ஒப்பிட்டுப் பேசாதீர்கள். வளர்ச்சி மெதுவாக இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பேச்சு வெகுகாலம் வலிக்கும்.

ஏற்கெனவே சுவரில் கோடுகள் இருந்தால், பெயின்ட் அடிப்பவர் வருவதற்கு முன் பலகையைத் தரையில் ஊன்றிச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, மூலைமட்டத்தைக் கொண்டு ஒவ்வொரு கோட்டையும் பலகைக்கு மாற்றிவிடலாம். கையெழுத்தை அப்படி மாற்ற முடியாது; ஆகவே அந்த எழுத்துகளை மட்டும் கிட்டத்தில் வைத்துத் தெளிவாகப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி