வரிசையில் நிற்பவர்களைக் குறை சொல்லாதீர்கள்: வங்கிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மத்திய வங்கிகளின் பொறுப்பாளர்களுக்கும் வணிக வங்கிகளை நடத்துவோருக்கும்,

வணக்கம். ஒரு வங்கியைப் பற்றி வதந்தி கிளம்பினால் நீங்கள் என்ன அறிக்கை விடுவீர்கள் என்பது எங்களுக்கு மனப்பாடம். "வங்கி வலுவாக உள்ளது. வதந்திகளை நம்ப வேண்டாம். யாரும் பீதியடையத் தேவையில்லை." மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அதைப் படித்துவிட்டு, பணத்தை எடுக்க நிற்கும் வரிசையிலிருந்து விலகி வீட்டுக்குப் போகிறவர் அரிது. அது ஏன் என்பதைப் பேசத்தான் இந்த மடல்.

1973 டிசம்பரில் ஜப்பானின் தொயோகாவாவில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். ரயிலில் போய்க்கொண்டிருந்த மூன்று பள்ளி மாணவிகளில் ஒருத்திக்குத் தொயோகாவா ஷிங்கின் என்ற சிறிய கூட்டுறவு வங்கியில் வேலை கிடைத்திருந்தது. "அங்கேயா? ஆபத்தாயிற்றே" என்று தோழி சீண்டினாள். கொள்ளைக்காரர்கள் வருவார்கள் என்ற பொருளில்தான் சொன்னாள். வேலை கிடைத்தவள் வீட்டுக்குப் போய் உறவினரிடம் கேட்க, அவர் இன்னொருவரிடம் விசாரிக்க, சில நாட்களில் பேச்சு ஒரு சலவைக்கடைக்கு வந்து சேர்ந்தது. 13ஆம் தேதி அந்தக் கடையின் தொலைபேசியில் பேசிய ஒருவர், அதே வங்கியிலிருந்து உடனே 12 லட்சம் யென் எடுக்கச் சொன்னார். தொழிலுக்குப் பணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். காதில் வாங்கிய கடைக்காரரின் மனைவிக்கோ, கேள்விப்பட்டதெல்லாம் உறுதியானதுபோல் இருந்தது. தங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார்கள்.

அன்று வங்கிக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ஒரு டாக்சி ஓட்டுநரின் சாட்சியம் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நண்பகலில் ஏறியவர் "ஆபத்தாக இருக்கலாமாம்" என்றார். மதியம் இரண்டரைக்கு "ஆபத்து" ஆனது. நாலரை மணிக்கு வங்கி மூழ்கப் போகிறது. இரவில் ஏறியவரோ நாளை கதவே திறக்காது என்றார். வங்கியின் தலைவர் தற்கொலை செய்துகொண்டார் என்றுகூடப் பேச்சு பரவியது. கடைசியில் அந்நாட்டு மத்திய வங்கியான பாங்க் ஆஃப் ஜப்பான் தலையிட்டுப் பணம் அனுப்ப, வந்தவர்கள் கண்ணில் படும்படி நோட்டுக் கட்டுகளை அடுக்கி வைத்தார்கள். சதி ஏதும் இருக்குமோ என்று துப்புத் துலக்கிய காவல்துறை கண்டுபிடித்தது அந்த ரயில் பேச்சைத்தான்.

இந்தக் கதையைச் சொல்லி மக்களின் அறியாமையைக் கேலி செய்வது எளிது. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்புதான் பக்கத்து ஊரில் ஒரு நிதி நிறுவனம் முறிந்து, பலர் பணத்தை இழந்திருந்தார்கள். எண்ணெய் நெருக்கடி வேறு. கழிப்பறைக் காகிதத்துக்கே அடிபிடி நடந்திருந்த நேரம். அந்த வரிசையில் நின்றவர்களுக்குப் பயப்படக் காரணம் இருந்தது.

நியூயார்க்கில் 1930 டிசம்பரில் பாங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற தனியார் வங்கி மூடப்பட்டதற்கு முந்தைய நாள், ஒரு சிறு வியாபாரி அந்த வங்கியில் தனக்கிருந்த பங்குகளை விற்கப் போனதாகவும் வங்கி மறுத்துவிட்டதாகவும் பிராங்க்ஸ் பகுதியில் பேச்சு பரவிக் கூட்டம் கூடியது. கணக்கு வைத்திருந்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். இங்கே வதந்தியில் நெருப்பும் கொஞ்சம் இருந்தது: அந்த வங்கியை வேறு வங்கிகளோடு இணைக்கும் முயற்சி அதற்குள் தோற்றிருந்தது. கவுன்ட்டருக்கு வெளியே நிற்பவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வழியில்லை. நீங்கள் சொன்னால்தான் உண்டு.

பொருளியல் அறிஞர்கள் டக்ளஸ் டயமண்டும் பிலிப் டிப்விக்கும் 1983இல் எழுதிய ஆய்வின் சாரம் இதுதான். எங்கள் பணம் நீண்டகாலக் கடனாகப் போயிருக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் நல்ல வங்கியும் தாங்காது. முதலில் போனவருக்கு முழுத்தொகை, கடைசியில் போனவருக்கு மிச்சம். அப்படியானால், வதந்தி பொய் என்று தெரிந்தவரும் மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்தால் ஓடுவதே புத்திசாலித்தனம். 2022இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் அறிக்கைகள் மட்டும் இன்னும் எங்களுக்கு நிதானத்தைப் போதித்துக்கொண்டிருக்கின்றன.

2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வாசலில் வரிசை நீண்டபோது, வங்கி திவாலாகவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். வங்கி முறிந்தால் சேமிப்பைத் திருப்பித் தரும் அன்றைய காப்பீட்டு விதிப்படி முதல் 2,000 பவுண்டுக்குத்தான் முழு உத்தரவாதம். அடுத்த 33,000 பவுண்டுக்கு 90 சதவீதம். 35,000 பவுண்டு வைத்திருந்தவர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் 3,300 பவுண்டு இழக்க நேரலாம். நாமாக இருந்தால் நிற்க மாட்டோமா? திங்கட்கிழமை நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் முழுப் பணத்துக்கும் அரசு பொறுப்பு என்று அறிவித்த பிறகுதான் வரிசை கரைந்தது.

1933 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் செய்ததையும் பாருங்கள். எல்லா வங்கிகளையும் மூடிவிட்டு வானொலியில் பேசினார். நீங்கள் போட்ட பணம் பெட்டகத்தில் அப்படியே கிடப்பதில்லை, கடனாகவும் பத்திரங்களாகவும் போயிருக்கிறது என்று எளிய சொற்களில் விளக்கினார். சோதித்துச் சரியென்று கண்டவையே திறக்கும் என்றார். மறுநாள் முதல் வங்கிகள் திறக்கத் திறக்க, பணத்தை எடுத்தவர்களே திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். உண்மையைச் சொன்னால் மக்கள் மிரண்டுவிடுவார்கள் என்ற உங்கள் அச்சத்துக்கு இதைவிடப் பெரிய பதில் எனக்குத் தெரியவில்லை.

இப்போது நோட்டுக் கட்டுகளை அடுக்கிக் காட்டவும் அவகாசம் இல்லை. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்க முயன்றார்கள், பெரும்பாலும் திரையைத் தொட்டே. அதனால், வதந்தி வருவதற்கு முன்பே செய்ய வேண்டியதைக் கேட்கிறேன். கணக்கைத் திறந்ததும் தெரியும் முதல் பக்கத்தில், இருப்புத் தொகைக்குக் கீழேயே, அதில் எவ்வளவு காப்பீட்டுக்குள் வருகிறது, எவ்வளவு வரவில்லை, வங்கி மூடினால் எத்தனை நாளில் கைக்கு வரும் என்று எழுதுங்கள். நெருக்கடி நாளில் பேசப் போகிறவர் யார், எந்தெந்த எண்களை அவர் வெளியிடுவார், மத்திய வங்கி எத்தனை மணி நேரத்துக்குள் பதில் சொல்லும் என்பதை இப்போதே முடிவுசெய்து பொதுவில் வையுங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையாவது எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு சேமிப்புக் கணக்குக்காரர்