நிறம் நீக்காத கார்பன் ஃபில்டர்: புகார் கடிதம்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தண்ணீரின் பழுப்பு நிறத்தை நீக்க வாங்கிய கார்பன் ஃபில்டர் வேலை செய்யாதது குறித்து

ஐயா,

கோத்தகிரி அருகே எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து, சென்ற ஆண்டு உங்களிடம் கார்பன் ஃபில்டர் வாங்கினோம். எங்களுக்கு வருவது சோலைக்காட்டு ஓடைத் தண்ணீர். இலைதழை மக்கி ஊறி, மழைக்காலத்தில் வெளிறிய டிக்காஷன் நிறத்தில் இருக்கும். உங்கள் விற்பனையாளர் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான், நிறம் முழுக்கப் போய்விடும் என்று எழுதிக் கொடுத்தார்.

முதல் சில வாரங்கள் தெளிவாக வந்தது. அப்புறம் பழுப்பு நிறம் திரும்பிவிட்டது. கூப்பிட்டால் உங்கள் டெக்னீஷியன் டிடிஎஸ் மீட்டரை முக்கி, "30தான் காட்டுது, நல்ல தண்ணி" என்கிறார். ஃபில்டருக்கு முன்னாலும் அதே 30தான். அந்த மீட்டர் கரைந்த உப்பைக் கணக்கிடுவது. நிறத்துக்குக் காரணமான, இலைதழை மக்கும்போது உண்டாகும் ஹியூமிக், ஃபல்விக் அமிலங்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அதைவிட மோசம், குளோரினைக் கூட்டிப் போடச் சொன்னது. நிறம் வெளுக்கும், சரி. ஆனால் இந்தக் கரிமப் பொருளோடு குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்ற, உடம்புக்குக் கெடுதலான ட்ரைஹேலோமீத்தேன்கள் உண்டாகும் என்பது 1974 முதல் தெரிந்த விஷயம். குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் இது. இந்த யோசனையை அவர் வேறு எந்த வீட்டிலும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நிரப்பியிருப்பது சிரட்டைக் கரி, அயோடின் எண் 1000. அந்த எண் மிக நுண்ணிய துளைகளுக்கான அளவு. ஹியூமிக் மூலக்கூறுகள் பெரியவை. பெரும்பாலும் அந்தத் துளைகளுக்குள் நுழையவே முடியாது. இன்னும் அகலமான துளைகளும் உள்ள கரிதான் அவற்றைப் பிடித்து வைக்கும். அளவும் போதாது. கரி 25 லிட்டர், ஓட்டம் மணிக்கு 1000 லிட்டர். கரிப்படுகையைத் தண்ணீர் ஒன்றரை நிமிடத்தில் கடந்துவிடுகிறது. இந்த வேலைக்குப் 10 நிமிடமாவது வேண்டாமா?

எங்கள் தண்ணீரை எடுத்துச் சென்று சோதித்து, அதற்கு ஏற்ற கரியைப் போதிய கொள்ளளவுள்ள தொட்டியில் உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 சொல்லும் 5 ஹேசன் (நிறத்தை அளக்கும் அலகு) அளவுக்குள் நிறம் இருப்பதை ஆய்வக அறிக்கையுடன் காட்டுங்கள். கரியை எப்போது மாற்ற வேண்டும் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். முடியாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம். விற்பனையாளர் எழுதிக் கொடுத்த தாளின் நகலும் ரசீதும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்