மாலை 7 மணி ரிவியூவும் என் 90 கிலோவும்: மண்டல மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மண்டல மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம் சார். போன வியாழக்கிழமை மாலை, நம் வங்கிக் கிளைகளின் வீடியோ ரிவியூவில், 7.40 வாக்கில், என்னை அழைத்து ஒரு கேள்வி கேட்டீர்கள். நகைக்கடன் பற்றி இல்லை, வாராக்கடன் பற்றியும் இல்லை. "உங்க கிளையிலிருந்து இன்னும் ஸ்டெப்ஸ் ஸ்கிரீன்ஷாட் வரலையே, ஏன்?" ஆரோக்கிய மாதச் சுற்றறிக்கைப்படி ஆளுக்கு 10,000 அடி நடந்து, இரவு 8 மணிக்குள் குழுவில் படம் போட வேண்டும். அன்று என் கணக்கு 3,112. மியூட்டிலேயே இருந்துவிட்டேன். அப்போது சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன்: நான் நடக்கும் நேரம் மாலை 7 மணி சார்.

ஏப்ரலில் எனக்கு ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு, 6.3 வந்தது உங்களுக்குத் தெரியும். மருத்துவ விடுப்புக் கடிதத்தில் எழுதியிருந்தேன். 6.5 தொட்டால் சர்க்கரை நோயாளி. எடை 91 கிலோ, இடுப்பு 104 செ.மீ. "இடுப்பை 90-க்குள்ள கொண்டு வாங்க" என்றார் டாக்டர். ஏப்ரல், மே மாதங்களில் ரிவியூ வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் சாயங்காலம் குளக்கரையை நான்கு சுற்று சுற்றி 86 கிலோவுக்கு வந்தேன். பழைய பேன்ட் ஒன்று ஏறியது. ஜூனில் காலாண்டு முடிவைச் சொல்லி ரிவியூ தினசரி ஆனது. காலாண்டு முடிந்தது, ரிவியூ முடியவில்லை. இப்போது 90 கிலோ.

அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். ஆறரைக்கு வேலை முடிந்துவிடும், ஆனால் கிளம்ப முடியாது. வீட்டிலிருந்து கொண்டுபோகும் சுண்டல் நான்கு மணிக்கே தீர்ந்திருக்கும். எங்கள் கிளை மேலாளர் நல்ல மனிதர், சொந்தக் காசில் வடையும் பஜ்ஜியும் வாங்கிவரச் சொல்வார். வேண்டாம் என்றால் முகம் வாடும். கூட்டம் தொடங்கும். 32 கிளைகளில் எங்கள் முறை 27-வது. முதல் பத்துக் கிளைகள் வாங்கும் வசவைக் கேட்கும்போதே கை தானாகப் பொட்டலத்துக்குப் போய்விடும். பசி இல்லை சார், பயம். எத்தனை தின்றேன் என்று பொட்டலம் காலியான பிறகுதான் தெரியும். போன மாதம் எங்கள் முறை வந்தபோது கேமராவை அணைத்துவிட்டு "நெட்வொர்க் பிரச்சனை சார்" என்ற ஆள் நான்தான். வாயில் பஜ்ஜி இருந்தது. மன்னிக்கவும்.

காலையில் நடக்கலாமே என்பீர்கள். ரிவியூ முடிந்து பஸ் பிடித்து வீடு சேர 9.45, சாப்பிட்டுப் படுக்கப் பன்னிரண்டு. ஐந்து மணிக்கு அலாரம் வைத்துப் பத்து நாள் எழுந்தும் பார்த்தேன். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும் என்றார் டாக்டர். அது உண்மைதானா என்று பதினொரு மணி வடைத் தட்டில் சரிபார்த்துக்கொண்டேன்.

போதாததற்கு நம் மண்டலம் அமைந்த இடம் அப்படி. திருநெல்வேலியிலிருந்து வருபவர் அல்வா, திருவில்லிபுத்தூர்க்காரர் பால்கோவா, தூத்துக்குடிக்காரர் மக்ரூன், கோவில்பட்டியிலிருந்து கடலைமிட்டாய், சாத்தூர் என்றால் காராச்சேவு. கடன் வாங்கியவர் கொடுக்கிறார், கடன் அடைத்தவரும் கொடுக்கிறார். அடைக்காதவர்தான் எதுவும் கொடுப்பதில்லை.

அந்த 10,000 கூட மருத்துவ ஆய்வில் பிறந்த எண் இல்லை சார். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடிக்கணக்குக் கருவிக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது. ஆக, அதன் பிறப்பும் ஒரு சேல்ஸ் டார்கெட்தான். நமக்குப் பொருத்தமே. விடுமுறையில் நடக்கலாமே என்றால், இரண்டாம், நான்காம் சனி விடுமுறை 2015-லேயே வந்தது. அந்தச் சனிகளில் நாங்கள் நகைக்கடன் முகாமில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஓய்வு பெறுபவர்களின் இடத்துக்கு ஆள் வருவதில்லை, இருக்கும் ஆளுக்கு ஆரோக்கியச் சுற்றறிக்கை வருகிறது.

சரி, கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். கோரிக்கை ஒன்றுதான்: ரிவியூவைக் காலை 9.30-க்கு மாற்றுங்கள், அல்லது மாலை 6 மணிக்குள் முடியுங்கள். தினமும் வேண்டுமா, வாரம் இரண்டு நாள் போதுமா என்பது உங்கள் முடிவு. அந்த 7 மணியை மட்டும் எங்களிடம் திருப்பிக் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட் தானாக வரும்.

இன்னொரு சின்ன வேண்டுகோள். அடுத்த மாதம் கிளை ஆய்வுக்கு வருகிறீர்கள். வழக்கமாக நீங்கள் அன்போடு கொண்டுவரும் பால்கோவா இந்த முறை வேண்டாம். கொண்டுவந்தே ஆக வேண்டுமென்றால் கால் கிலோ போதும் சார்.

பணிவுடன்,
27-வது கிளையின் கடன் பிரிவு அலுவலர்