தொட்டியிலை ஏன் இன்னும் மீன் இல்லை

அன்புள்ள பிள்ளைக்கு,

சின்னவள் வீடியோ கோலிலை கேட்டவள், அம்மப்பா தண்ணி விட்டாச்சு லைற்றும் எரியுது மீனை மட்டும் காணேல்லை எண்டு. லைன் கட் ஆகினதாலை வடிவாச் சொல்ல முடியேல்லை, அதுதான் எழுதுறன், நீ அவளுக்கு ஆறுதலா விளங்கப்படுத்து. நல்லூர்த் திருவிழாவுக்கு நீங்கள் வரேக்கை மீன் ஓடும், அது என்ரை பொறுப்பு. ஆனால் இப்ப விட்டால் பாவம் செத்துப்போம், அந்தப் பாவத்தை நான் செய்யமாட்டன்.

தொட்டி எங்கடை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீட்டிலை வாங்கினது, அவை கொழும்புக்குப் போகினம். 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒண்டரை அடி உயரம், கிட்டத்தட்ட 127 லீற்றர் பிடிக்கும், எண்டால் தண்ணியே 120 கிலோவுக்கு மேலை, அதாலை மேசையிலை வைக்கேல்லை, விறாந்தையிலை வெயில் படாத பக்கத்துச் சீமெந்துக் கட்டிலை றெஜிபோம் போட்டுத்தான் வைச்சனான். அதுக்கு முதல் முத்தத்திலை பேப்பர் விரிச்சு ரெண்டு நாள் தண்ணி நிரப்பி விட்டுப் பாத்தது, பேப்பர் நனையேல்லை, சிலிக்கோனும் எங்கையும் கிளம்பேல்லை. கண்ணாடியிலை இருந்த வெள்ளைக் காவியை வினாகிரியிலை துணி நனைச்சு ஒட்டி ஊறவிட்டு பிளேட்டாலை சுரண்டினனான். சோப் மட்டும் கிட்டவும் கொண்டுபோகேல்லை, அது சிலிக்கோனிலை ஒட்டிக்கொண்டு நிண்டு பேந்து மீனைக் கொல்லும்.

ஒண்டுதான் மனவருத்தம். பில்ரர் ஸ்பொஞ்சை அவை நல்லா அலசி வெயிலிலை காயப்போட்டுத்தான் தந்தவை. பழைய தொட்டியிலை கண்ணாடியை விட விலை கூடினது அந்த ஊத்தை ஸ்பொஞ்ச்தான் பிள்ளை, ஏனெண்டால் தண்ணியிலை இருக்கிற நஞ்சை மாத்துற பக்ரீரியா எல்லாம் அதுக்குள்ளைதான் ஒட்டிக்கொண்டு இருக்கும், காய்ஞ்சால் செத்திடும். ஆரிட்டையும் பழைய தொட்டி வாங்கினால் ஸ்பொஞ்சை அந்தத் தொட்டித் தண்ணியோடையே வாளியிலை போட்டுக் கொண்டுவரவேணும்.

விசயம் என்னெண்டால், மீன்ரை கழிவும் மிஞ்சின சாப்பாடும் அழுகி அமோனியா வரும், அது பூவை எரிக்கும் (மீன் மூச்சு விடுற இடம்). எங்கடை கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளாலை வாறது, pH 7க்கு மேலை, காரப்பக்கம் நிக்கும், அப்பிடித் தண்ணியிலை அமோனியா இன்னும் நஞ்சு. ஒரு சாதிப் பக்ரீரியா அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும், அதுவும் கூடாது, ரத்தத்திலை ஒட்சிசன் ஏறவிடாது, மீன் மேலை வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பேந்து இன்னொரு சாதி அதை நைத்திரேற்று ஆக்கும், அதை மீன் ஓரளவு தாங்கும். நான் படிப்பிக்கேக்கை ரெண்டாவது நைத்திரோபக்ரர் எண்டுதான் சொல்லிக்குடுத்தது, 1998 இலை வந்த ஆய்விலை மீன் தொட்டியிலை அந்த வேலையைச் செய்யிறது நைத்திரோஸ்பைரா எண்டு கண்டவை. இந்த ரெண்டு சாதியும் மெல்லமாத்தான் பெருகும், நாலு அஞ்சு கிழமை எடுக்கும், அவசரப்படுத்த ஏலாது. அதைத்தான் தொட்டியைச் சைக்கிள் பண்ணுறது எண்டு சொல்லுறது.

அப்ப மீன் இல்லாமல் பக்ரீரியாவுக்கு என்ன சாப்பாடு? ஒரு துண்டு பச்சை றால், துணியிலை கட்டித் தொங்கவிட்டிருக்கிறன். அம்மா மணக்குது எண்டு ரெண்டு நேரமும் சொல்லுறா, சரியாத்தான் சொல்லுறா, ஆனால் அது அழுகினால்தான் அமோனியா வரும். கூட்டாளி ஒருத்தர் தன்ரை ஓடிக்கொண்டிருக்கிற தொட்டியிலை இருந்து அரைத் துண்டு ஸ்பொஞ்ச் வெட்டித் தந்தவர், அதையும் பில்ரருக்குள்ளை போட்டாச்சு, பழைய தோசை மாவிலை ஒரு கரண்டி விட்டால் புதுமாக் கெதியாப் புளிக்கிற மாதிரி இதுவும் கெதியா வரும். எங்கடை சூடும் நல்லது, ஹீற்றர் தேவையில்லை. சுண்ணாம்பும் உதவிதான், பக்ரீரியா வேலை செய்யேக்கை தண்ணி புளிப்பாப் போகாமல் பிடிச்சு வைச்சிருக்கும். கிணத்துக்குக் குளோரின் போட்ட கிழமை மட்டும் அந்தத் தண்ணியை எடுக்கக்கூடாது, வளத்ததெல்லாம் போயிடும்.

மருமோன் தந்துவிட்ட ரெஸ்ற் கிற்றாலைதான் பாக்கிறன். அமோனியா பச்சை நிறத்துக்கு ஏறி இப்ப மஞ்சளுக்கு இறங்குது, நைத்திரைற்றுக் குழாய் நல்ல ஊதா, அது இன்னும் கூட இருக்கு எண்டு அர்த்தம். எண்டால் பாதி வழி. ரெண்டும் சுழியத்துக்கு வரவேணும், கொஞ்சம் மீன் சாப்பாடு போட்டு அடுத்த நாளும் சுழியமா நிண்டால்தான் நம்புவன். நைத்திரேற்றுக் கணக்கு வேறை, வலிகாமத்துக் கிணறுகளிலை உரம் இறங்கி முதலே நைத்திரேற்று இருக்கு, கிணத்துத் தண்ணியைத் தனியாச் சோதிச்சுப் போட்டுத்தான் தொட்டியைப் பாக்கவேணும், இல்லாட்டி தொட்டிதான் செய்தது எண்டு நினைப்பம். தண்ணி மாத்தினாலும் அது குறையாது எண்டதாலை மணிபிளான்ற் ஒண்டை வேர் தண்ணிக்குள்ளை இருக்க வைச்சிருக்கிறன், அது உறிஞ்சும்.

சின்னவளுக்கு நியோன் ரெற்றாதான் ஆசை எண்டு தெரியும். அது அமேசன் பக்கத்து மெல்லிய தண்ணி (சுண்ணாம்பு குறைஞ்ச தண்ணி) மீன், எங்கடை தண்ணிக்குச் சரிவராது, கஷ்டப்படும். கப்பி, மொல்லி, பிளாற்றி இந்தத் தண்ணியிலை சந்தோசமா இருக்கும், குட்டியும் போடும். செம்மஞ்சள் பிளாற்றி வடிவு, படம் காட்டிக் கேள். முதல் நாலு அஞ்சுதான் விடுவன், பக்ரீரியா அந்தளவுக்குப் பழகினாப் பிறகு மிச்சம்.

வரேக்கை பற்றரியிலை ஓடுற சின்ன எயார் பம்ப் ஒண்டு கொண்டுவா, கரண்ட் நிண்டால் பக்ரீரியாவுக்கும் ஒட்சிசன் வேணும். ரெஸ்ற் கிற்றிலை நைத்திரேற்று ரெண்டாம் குப்பியும் முடியப்போகுது, அதையும் மருமோனிட்டைச் சொல்லு.

அப்பா