முன்பணம் கட்டும் முன்: நம் மலையேற்றக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி மலையேற்ற நண்பர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு வத்தல்மலையில் இருந்து இறங்கி வந்து டீக்கடையில் உட்கார்ந்தபோது எடுத்த முடிவைப் பற்றித்தான் இந்த மடல். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில், குளிர்காலத்தில் சாலை வழியாகப் போகவே முடியாத ஒரு விடுதி. ஒரு வாரத் தங்கல். தினமும் ஹெலிகாப்டரில் உச்சிக்குப் போய்ப் பனியில் சறுக்கி இறங்குவது. 11 பேர், வருகிற பிப்ரவரி, முன்பணம் இந்த மாதக் கடைசிக்குள். எல்லோர் முகத்திலும் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்து அன்று நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்: போவோம், ஆனால் வருகிற பிப்ரவரியில் வேண்டாம். பணத்தை இப்போது கட்டாதீர்கள்.

நம் 11 பேரில் பனிச்சறுக்குப் பலகையைக் காலில் மாட்டியவர்கள் மூன்றே பேர். அதில் நானும் ஒருத்தி. காஷ்மீரின் குல்மார்க்கில் 14 நாள் பயிற்சி எடுத்தேன். முதல் மூன்று நாளும் கனமான பூட்ஸோடு நடப்பது, பக்கவாட்டில் படிப்படியாக ஏறுவது, விழுவது, விழுந்தால் எழுவது, அவ்வளவுதான். கடைசி வாரத்தில், இயந்திரம் ஓட்டி இறுக்கிச் சமன்படுத்திய சரிவில் ஓரளவு வளைந்து வளைந்து இறங்கினேன். அந்தத் தைரியத்தில் ஒரு நாள் தடத்தை விட்டு நாலடி தள்ளிப் போனேன். தொடை வரை புதைந்தது. ஊன்றி எழலாம் என்று கையை வைத்தால் கையும் தோள் வரை உள்ளே போகிறது, இலவம்பஞ்சு மூட்டையில் விழுந்த மாதிரி. கழன்று போன ஒரு பலகையைத் தேடி எடுக்க அரை மணி நேரம் ஆனது. ஹெலிகாப்டர் கொண்டுபோய் விடும் இடத்தில் முழுக்க முழுக்க அந்தப் பனிதான். 1965-இல் ஹான்ஸ் க்மோசர் என்ற மலை வழிகாட்டி பிரிட்டிஷ் கொலம்பியாவின் பூகபூ மலைகளில் இதைத் தொழிலாகத் தொடங்கியதே, யாரும் மிதிக்காத அந்தப் பனிக்காகத்தான்.

இன்னொன்று. சின்ன ஹெலிகாப்டரில் ஒரு நடைக்கு நாலு விருந்தினர், ஒரு கைடு. அதே ஹெலிகாப்டர்தான் அடுத்த குழுவையும் ஏற்றி இறக்கும். ஒருவர் பனியில் புதைந்து கிடந்தால் கூட இருக்கும் மூவரும் காத்திருக்க வேண்டும், கீழே நிற்கும் குழுவும் காத்திருக்க வேண்டும். மூன்று நாள் அப்படிப் போனால் நம் நட்பு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உடம்பு எடையைக் கேட்டார்கள் என்று அன்று ஒரு தம்பி கோபப்பட்டார். கோபப்பட ஒன்றுமில்லை. ஒகேனக்கல்லில் பரிசல்காரர் நம்மை உட்கார வைப்பதைப் பார்த்திருக்கிறோமே. ஆளைப் பார்த்ததும் "நீங்க இந்தப் பக்கம், அந்த அக்கா எதிர்ல" என்பார். யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பரிசல் சாய்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். ஹெலிகாப்டரிலும் எடை பார்த்துத்தான் ஆளைப் பிரிப்பார்கள். ஆகவே உண்மையான எடையைச் சொல்லுங்கள், யார் யாரோடு போவது என்பதையும் கைடு முடிவுக்கே விடுங்கள். இறங்கிய பிறகும் அப்படித்தான். ஹெலிகாப்டர் மறுபடி எழும் வரை எல்லோரும் ஒன்றாகக் குனிந்து பைகளை அமுக்கிக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். செல்ஃபிக்காக ஒருவர்கூட வால்பக்கம் போகக் கூடாது.

பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்திவிடும். பெங்களூரில் இருந்து விடியற்காலையே கிளம்பி வந்தவர்களும் கரையில் நின்று பார்த்துவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். கனடாவிலும் அப்படித்தான், மூடுபனியும் காற்றும் இருந்தால் ஹெலிகாப்டர் எழாது. ஒரு நாள், சில சமயம் தொடர்ந்து இரண்டு மூன்று நாள். எழுந்தாலும், நாம் ஆசைப்படும் சரிவைப் பார்த்துவிட்டு கைடு "இன்றைக்கு இது வேண்டாம்" என்று சொல்லலாம். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் நடக்கின்றன. சறுக்குவதற்கு ஆசையாக இருப்பதும் அதே சரிவுகள்தான். பனிச்சரிவில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் மேல் விழுந்த பனி, அவர்களோ அவர்கள் கூட வந்தவர்களோ மிதித்ததால் கிளம்பியது. 2010 பிப்ரவரியில் குல்மார்க் பகுதியில், பனிமலைப் பயிற்சியில் இருந்த நம் ராணுவ வீரர்கள் 17 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். பனியிலேயே பயிற்சி எடுத்தவர்கள் அவர்கள். லட்சக்கணக்கில் கட்டிவிட்டோமே என்ற எண்ணத்தோடு போனால் கைடு சொல்லும் "வேண்டாம்" நம் காதில் ஏறாது. அதனால்தான் பணம் கட்டும் முன்பே இதைப் பேசிவிட வேண்டும் என்கிறேன். கைடு மறுத்தால் ஒருவர்கூட வற்புறுத்தக் கூடாது. நம்மில் ஒருவருக்கு மனசு சரியில்லை என்றாலும் காரணம் கேட்காமல் அந்த நடையை விட்டுவிட வேண்டும்.

அப்புறம் பீக்கன். ஒவ்வொருவரும் நெஞ்சில் கட்டிக்கொள்ளும் இந்தச் சின்னக் கருவி 457 கிலோஹெர்ட்ஸில் விடாமல் சிக்னல் அனுப்பும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, அம்புக்குறியையும் குறைந்துகொண்டே வரும் எண்ணையும் பார்த்துப் போக வேண்டும். கிட்டே வந்ததும் நீளமான கம்பியைக் குத்திப் பார்த்து, தட்டுப்பட்ட இடத்தில் தோண்ட வேண்டும். முதல் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கிறார்கள். அதற்கு மேல் போனால் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. ஹெலிகாப்டரில் உதவி வந்து சேரும் முன்பே அந்த நேரம் முடிந்துவிடலாம். கூட இருக்கும் நாம்தான் தேட வேண்டும்.

என் அண்ணன் மகள் வெளிநாட்டில் இருந்து இரண்டு பீக்கன் கொண்டு வந்திருக்கிறாள். பென்னாகரம் பக்கம் எங்கள் கேழ்வரகுக் காட்டில், வைக்கோலைப் பரப்பி அதற்கடியில் ஒன்றைப் புதைத்துவிட்டு நான் தேடினேன். 19 நிமிடம் ஆனது. ஜாக்கெட்டில் இருந்த போன் சிக்னலைக் குழப்பியதுதான் பாதி காரணம். தேடும்போது போனைக் கருவிக்கு அரை மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும் என்பதைப் படித்திருந்தேன், பதற்றத்தில் மறந்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு முறை செய்த பிறகு 5 நிமிடத்துக்கு வந்தது. அதுவும் வைக்கோலில். சரிந்த பனி நின்றதும் சிமெண்ட் போல இறுகிவிடும், தோண்டுவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.

நான் கேட்பது இரண்டு குளிர்காலம். இந்த ஆண்டு எல்லோரும் குல்மார்க்கிலோ உத்தராகண்டின் ஔலியிலோ அடிப்படைப் பயிற்சி எடுப்போம். அடுத்த ஆண்டு கைடோடு தடத்துக்கு வெளியே இறங்கப் பழகுவோம். அதில் தேறியவர்கள் கனடா போகட்டும். எட்டுப் பேர்தான் தேறினாலும் எட்டுப் பேர் போகட்டும், மீதிப் பேரில் நான் இருந்தாலும் சரி. விசா, ஹெலிகாப்டர் மீட்பையும் தடத்துக்கு வெளியே சறுக்குவதையும் ஏற்கிற காப்பீடு, பறக்க முடியாத நாளுக்குப் பணம் திரும்புமா என்ற கேள்வி, இதையெல்லாம் விசாரிக்கும் வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன்.

வருகிற ஞாயிறு காலை 7 மணிக்கு எங்கள் காட்டுக்கு வாருங்கள். பீக்கன் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் குழுவில் ஒருத்தி
பென்னாகரம்