வீல்சேர் தந்தால் கடமை முடிந்ததா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் முதியவர்களின் விமானப் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மருந்துச் சீட்டு, மருத்துவர் கடிதம், பயணக் காப்பீடு என்று பயணி செய்ய வேண்டியதெல்லாம் விரிவாக வந்திருந்தது. விமான நிலையம் செய்ய வேண்டியதைப் பற்றி மட்டும் ஒரே வரி: 'வீல்சேர் வசதி உண்டு'. என் வழக்கு அந்த ஒரு வரியோடுதான்.

வீல்சேர் நடக்கிற சிரமத்தைத் தீர்க்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதில் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து பெரியவர் தன் விருப்பப்படி எங்கும் நகர முடியாது. விமான நிலையங்களில் தருவது பெரும்பாலும் பின்னாலிருந்து ஒருவர் தள்ளுகிற நாற்காலி. உட்கார்ந்திருப்பவரே உருட்டிக்கொண்டு போக வழியில்லை. தள்ளுகிறவருக்கோ அடுத்த விமானத்தில் இன்னொருவர் காத்திருக்கிறார். கேட் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, "இங்கேயே இருங்க, கூப்பிடும்போது வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். விமானம் தாமதம் என்றால் அந்த 'இங்கேயே' இரண்டு மணி நேரம்கூட நீளும். தண்ணீர்க் குழாய் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று முன்பின் தெரியாத ஒரு பிள்ளையிடம் கேட்கக் கூச்சம்.

இதற்குப் பெரியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பயண நாளன்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ சிறுநீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்கள், 'ஊர் போய்ச் சேர்ந்து போட்டுக்கலாம்' என்று அதையும் தள்ளிவைப்பார்கள். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், தயங்கித் தயங்கி ஒப்புக்கொள்வார்கள். யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை.

இப்படி வறண்ட உடம்போடுதான் விமானத்தில் ஏறுகிறார்கள். உள்ளே ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. காற்றழுத்தமோ 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்றது. திடமான ஆளுக்கே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சற்று இறங்கும்; நுரையீரல் நோயோ ரத்தசோகையோ இதயக் கோளாறோ இருப்பவருக்கு அந்தச் சற்று இறக்கமே அதிகம். வயதாக ஆகத் தாக உணர்வும் மங்கிவிடுவதால் உடம்பு தானாகத் தண்ணீர் கேட்காது. நெடுநேரம் உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். விமானங்களில் நேரும் மருத்துவ அவசரங்களை ஆராய்ந்து 2013-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. சுமார் 600 விமானங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் அவசரம் நேர்ந்திருந்தது. அதில் முதலிடம் மாரடைப்புக்கு இல்லை. மயக்கத்துக்கும் மயக்கம் வருவதுபோன்ற நிலைக்கும்தான், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஏறுகிறவர் அந்தக் கணக்கில் சேர எல்லா ஏற்பாட்டையும் செய்துகொண்டு ஏறுகிறார் என்றே சொல்வேன்.

கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்வது பற்றி உங்கள் கட்டுரை கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்திவிட்டது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் அந்த அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் திட்டம் 2007-ல் சொன்னது சரி. அதே அறிக்கை, அப்போதும் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் நேர்கிறது என்றும் சொன்னது. பேருந்தில், ரயிலில், காரில் போனாலும் இதே கதைதான். ஆனால் முன்பே ஒருமுறை ரத்தம் கட்டியவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், சமீபத்தில் இடுப்பு மூட்டோ முழங்கால் மூட்டோ மாற்றிக்கொண்டவர் ஆகியோருக்கு அபாயம் பல மடங்கு. அவர்கள் மருத்துவரிடம் கேட்டு, அளவு பார்த்து அழுத்தக் காலுறை வாங்கிக்கொள்ளலாம். இறுக்கம் தவறினால் அந்தக் காலுறையே தொல்லை. பக்கத்து வீட்டார் சொன்னார் என்று ஆஸ்பிரின் விழுங்க வேண்டாம். தூக்க மாத்திரையும் வேண்டாம். அசையாமல் கிடப்பதுதானே இங்கே வில்லன்.

சரி, விமான நிலையம் என்ன செய்யலாம்? முதலில், நடக்க முடிந்தவரை நடக்க விட வேண்டும். வீல்சேர் கேட்கும் பெரியவர்களில் பலருக்கு நடை இருக்கிறது, அவ்வளவு தூரம் நடக்கத்தான் தெம்பு இல்லை. வழி நெடுக, கொஞ்சத் தூரத்துக்கு ஒன்றாக இருக்கை இருந்தால் உட்கார்ந்து எழுந்து அவர்களே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். வீல்சேரும் நிஜமாகவே தேவைப்படுகிறவருக்குக் கிடைக்கும். அந்த இருக்கைக்குக் கைப்பிடி வேண்டும், உயரமும் வேண்டும். புதுமையாக இருக்கட்டும் என்று தாழ்வான சோபாவைப் போட்டுவைக்கிறார்கள். மூட்டு தேய்ந்தவர் அதில் உட்காரலாம், எழ முடியாது. வடிவமைத்தவர் எழுபது வயதில் ஒருமுறை அதில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அடுத்தது கழிப்பறை. மறதிநோய் உள்ள கணவரோடு பயணம் செய்யும் மனைவியை நினைத்துப் பாருங்கள். அவர் ஆண்கள் பக்கம் உள்ளே போக முடியாது. கணவரைத் தனியே அனுப்பினால் வேறு பக்கமாக வெளியேறி எங்கேயோ போய்விடுவார். துணைக்கு வருபவரும் உடன் நுழையக்கூடிய தனி அறை, கேட்டுகளுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மறதிநோய் போல வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்காக, சூரியகாந்திப் பூ போட்ட கழுத்துப் பட்டையை லண்டனின் கேட்விக் விமான நிலையம் 2016-ல் தொடங்கியது. இப்போது பல நாடுகளில் இருக்கிறது. அதைப் பார்த்ததும் ஊழியர் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும் என்று பொருள். பெரிய செலவில்லாத ஏற்பாடு.

வீல்சேரிலும் வகை உண்டு என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது எனக்குப் பெரிய குறை. டிக்கெட் எடுக்கும்போது மூன்று குறியீடுகளில் ஒன்று பதிவாகிறது. டபிள்யூ.சி.ஹெச்.ஆர். என்றால் படி ஏறுவார், தூரம்தான் நடக்க முடியாது. டபிள்யூ.சி.ஹெச்.எஸ். என்றால் படி ஏற முடியாது, விமானத்துக்குள் நடப்பார். டபிள்யூ.சி.ஹெச்.சி. என்றால் இருக்கைவரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். பிள்ளைகள் அவசரத்தில் முதலில் தெரிவதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். விமானம் கட்டடத்தோடு ஒட்டி நின்றால் பிரச்சினை தெரியாது. தள்ளி நிறுத்தி, பேருந்தில் கொண்டுபோய் ஏணிப் படிக்கட்டின் கீழே விட்டால்தான் தெரியும். சரியான குறியீடு இருந்தால் ஆம்புலிஃப்ட் என்கிற தூக்கு வண்டி வந்து நிற்கும். எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் இப்படித்தான், ஒரு விமான நிறுவன முகவர் தப்பாகப் பதிந்த குறியீட்டால், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக ஏறினார். பின்னால் முழுப் பேருந்துக் கூட்டம் காத்திருந்தது. அந்த அவமானம்தான் அவருக்கு மூட்டு வலியைவிட அதிகம்.

முன்கூட்டிச் சொல்வதும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதிப்படி, புறப்படும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே தெரிவித்தால் விமான நிலையம் இலவசமாக உதவியாக வேண்டும். எங்கே பயணம் செய்தாலும் அந்த 48 மணி நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்கள் அதற்கும் முன்பே பேச வேண்டும். சொந்த சிலிண்டரைப் பொதுவாக ஏற்றவிட மாட்டார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கையடக்கக் கருவி என்றால் பயண நேரத்தைவிட ஒன்றரை மடங்கு நேரம் தாங்கும் பேட்டரி வைத்திருக்கச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு.

இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், பாதுகாப்புச் சோதனையில் அதற்கான அட்டையைக் காட்டிவிடலாம். ஊழியர் கையில் பிடிக்கும் சோதனைக் கருவியை மட்டும் நெஞ்சுக்கு மேலேயே நிறுத்தி வைக்கக் கூடாது. இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும், கீழே சரக்கறையில் போட்டால் உறைந்து வீணாகலாம். இன்னொன்று, விழித்திரை அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருந்தால், அது கரையும்வரை விமானமே கூடாது. மேலே போனதும் குமிழி விரிந்து கண் அழுத்தம் ஏறும், பார்வையே போகலாம். 'கண் ஆபரேஷன்தானே, நன்றாக நடக்கிறாரே' என்று கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

இறங்கும் பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீல்சேர் கேட்டவர் பொதுவாகக் கடைசியில்தான் இறக்கப்படுவார். எல்லோரும் இறங்கி, ஆளும் நாற்காலியும் வந்து சேரும்வரை இருக்கையிலேயே காத்திருக்க வேண்டும். இடையில் விமானம் மாறுகிற டிக்கெட் எடுப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இணையதளம் ஒரு மணி நேர இடைவெளி போதும் என்று காட்டுவது ஓடி வருகிற ஆளுக்கு. பெரியவர்களுக்கு மூன்று மணி நேரமாவது விட்டு எடுங்கள். நடுவில் கழிப்பறைக்கும் போய்வரலாம், சிறுநீர் பிரிக்கும் அந்த மாத்திரையையும் வேளைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த இதழில் யாராவது ஒரு விமான நிலைய அதிகாரியைப் பேட்டி எடுப்பீர்களானால், வீல்சேர் எத்தனை இருக்கிறது என்று கேட்க வேண்டாம். தள்ளுவதற்கு ஒரு ஷிப்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், கேட்டில் விட்டுவிட்டுப் போனவர் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திரும்பி வந்து பார்க்கிறார் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்