குழாயை எடுக்கும் நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடைசித் தையல் போட்டதும் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டதாக வெளியே காத்திருக்கும் உறவினர்கள் நினைக்கிறார்கள். மயக்க மருத்துவராகப் பல ஆண்டுகள் பணியாற்றிவரும் எனக்கோ, மயக்கத்தில் மூச்சுக்காகத் தொண்டை வழியே குழாயைச் செருகும் நேரத்தைவிட அதை வெளியே எடுக்கும் நேரமே கூடுதல் கவலை தருகிறது.

மயக்கம் தெளியத் தெளிய குழாய் தொண்டையை உறுத்தும். சளியை உறிஞ்சி எடுக்கையில் இருமல் வரும். அட்ரினலின் சுரந்து, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பொதுவாக 10 முதல் 30 சதவீதம் வரை ஏறி, 5 முதல் 15 நிமிடங்கள் வரை நீடிக்கும். திடமான இதயம் இதைத் தாங்கிவிடும். இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட ஓய்வில்தான் கிடைக்கிறது என்பதால், துடிப்பு வேகமெடுத்து அந்த ஓய்வு குறுகும்போது, ரத்தக் குழாயில் அடைப்புள்ளவர்கள் தவித்துப்போவார்கள்.

இதைத் தணிக்க லிக்னோகெயின், எஸ்மோலால், டெக்ஸ்மெடிடோமிடின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. டெக்ஸ்மெடிடோமிடின் இருமலின்றி அமைதியாக விழிக்க உதவினாலும், சிலருக்கு நாடியைக் கூடுதலாகக் குறைத்து, தெளிவதையும் தாமதப்படுத்தும். துடிப்பைக் குறைக்கும் எஸ்மோலாலின் அளவு உடலில் சுமார் 9 நிமிடங்களில் பாதியாகிவிடுவதால், கொந்தளிப்பு அடங்கும்போது மருந்தும் விலகிவிடுகிறது; என் கை முதலில் அதைத்தான் தேடும். ஆனால் வலியாலோ, நிரம்பிய சிறுநீர்ப்பையாலோ துடிப்பு ஏறியிருந்தால், அதைக் கவனிக்காமல் ஊசி போடுவது சரியான வைத்தியமாகாது.

சில ஆண்டுகளுக்கு முன், குடலிறக்கத்துக்காக வந்த 62 வயதுக்காரருக்குக் குழாயை எடுத்த கணத்தில், 76 ஆக இருந்த நாடி 128ஐத் தொட்டது. மருந்து கொடுத்து அடக்கினோம். நாடித்துடிப்பைக் கட்டுப்படுத்த வழக்கமாகப் போடும் மெட்டோப்ரோலால் மாத்திரையை இரண்டு நாளாக நிறுத்தியிருந்தது பிறகுதான் தெரிந்தது. "தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே சார்" என்றார். அன்று காலை நானும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

மருத்துவமனைகள் தரும் சீட்டில் 'இரவுக்குப் பின் எதுவும் சாப்பிடக் கூடாது' என்று மட்டும் எழுதினால் போதாது. மெட்டோப்ரோலால் வகை மாத்திரைகளை அறுவை சிகிச்சை நாளன்று காலையும் ஒரு மடக்கு நீருடன் போடச் சொல்வதே வழக்கம். வேறு சில பி.பி. மாத்திரைகளை நிறுத்தச் சொல்வதும் உண்டு. எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பதைப் பெயரோடு எழுதித் தர வேண்டும். பரிசோதனைக்கு வருபவர்களும் மாத்திரை அட்டையையே கையில் கொண்டுவர வேண்டுகிறேன். 'சின்ன வெள்ளை மாத்திரை' என்ற அடையாளத்தை வைத்து எங்களால் எதையும் கண்டுபிடிக்க முடிவதில்லை.

இப்படிக்கு,
மயக்கவியல் மருத்துவர் ஒருவர், மதுரை